மாத்திரைக்கு முந்தைய அளவு

நடந்தவை, வரிசையாக:

1. அப்பாவின் வலது கை நடுங்கத் தொடங்கியது. வேலை செய்யும்போது நடுங்காது. சும்மா மடியில் வைத்திருக்கும்போது மட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுருட்டுவதுபோல ஒன்றை ஒன்று தேய்த்துக்கொண்டிருக்கும்.

2. உடம்பில் சத்து இல்லை என்று முடிவு செய்து, அம்மா இரண்டு மாதம் முருங்கைக்கீரையும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுத்தாள்.

3. கை நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் நரம்புப் பிரிவில் பார்க்கின்சன் நோய் என்றார்கள். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

4. ஒரு நாளைக்கு மூன்று வேளை மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் நடுக்கம் பாதியாகக் குறைந்தது.

5. அப்பா வேலை பார்த்த வார்ப்பு ஆலையில் அவரைக் கிரேன் ஓட்டும் வேலையிலிருந்து இறக்கப் பார்த்தார்கள். பிறகு, உருக்கிய இரும்பைத் தூக்கும் கிரேன் வேண்டாம், ஆறிய வார்ப்புகளைத் தூக்கும் கிரேனை ஓட்டலாம், ஆனால் நிலைமை மோசமாகவில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் மாதாமாதம் எழுதித் தர வேண்டும் என்றார்கள்.

6. டாக்டர் எழுதுவதற்கு ஆதாரமாக ஒரு நோட்டில் அளந்து குறிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். எட்டு மாதம், ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அளந்தேன்.

7. எட்டு மாதமும் வரைபடக் கோடு நேராகவே போனது.

8. ஒன்பதாவது மாதம், கிரேனுக்குக் கீழே நின்று அப்பாவுக்குக் கை காட்டுகிறவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

இந்த வரிசையில் தவறு நடந்த இடம் ஆறாவது. அது தெரியாமல் ஏழாவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நாங்கள் திருவொற்றியூரில் இருந்தோம். புத்தாயிரம் பிறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தன. கருவியியலில் டிப்ளமோ முடித்துவிட்டு, எண்ணூரில் ஒரு ரசாயன ஆலையின் காலிபரேஷன் அறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆலையில் இருக்கும் அழுத்தமானிகளும் வெப்பமானிகளும் முறைபோட்டு எங்கள் மேசைக்கு வரும். உண்மை அளவு தெரிந்த ஒரு கருவியோடு ஒப்பிட்டு, எவ்வளவு பிசகியிருக்கிறது என்று எழுதி, சரிசெய்து அனுப்புவோம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒரு மானி பொய் சொன்னால் எவ்வளவு பொய் சொல்கிறது என்று எழுதிவிடலாம். பிறகு அதன்மேல் கோபம் வராது.

அப்பா ஓட்டியது ஓவர்ஹெட் கிரேன். ஷெட்டின் கூரைக்குக் கீழே, இரண்டு பக்கமும் தண்டவாளத்தில் ஓடும் ஒரு பாலம். அதன் ஓரத்தில் தொங்கும் கூண்டுக்குள் ஏணியில் ஏறி உட்கார வேண்டும். கீழே ஒருவர் நின்று கை காட்டுவார்: தூக்கு, நகர்த்து, மெல்ல இறக்கு, நிறுத்து. இயந்திரச் சத்தத்தில் குரல் எடுபடாது என்பதால் கைதான் பேச்சு. இருவருக்கும் நடுவில் இரண்டு டன், மூன்று டன் இரும்பு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கும். நிறுத்து என்று கீழே கை மூடினால், மேலே இருப்பவரின் கை அந்த நொடியே லீவரைத் திருப்ப வேண்டும்.

அப்பாவுக்கு வந்த நோய் அந்த நொடியைத்தான் நீட்டும். நடுக்கம் பார்க்கப் பெரிதாகத் தெரியும். ஆபத்து தாமதத்தில் இருந்தது. இதை முதல் நாளே டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் நடுவயதுப் பெண்மணி. வியாழக்கிழமை புறநோயாளிக் கூட்டத்துக்கு நடுவிலும் நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

"சர்க்கரை வியாதிக்கு ரத்தத்துல சர்க்கரை பாக்குறோம். இதுக்கு எந்த டெஸ்ட் டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. இருந்தா எங்க வேலை சுலபமாயிருக்கும். மூளையில ஒரு ரசாயனம் சுரக்கிற செல் கொஞ்சம் கொஞ்சமா சாகுது. கை நடுங்குற அன்னிக்கே அதுல நிறைய போயிருக்கும். எவ்வளவு மிச்சம், எவ்வளவு வேகமா போகுதுன்னு ரத்தத்த பாத்து சொல்ல முடியல. வெளிநாட்டுல முதுகுத்தண்டு நீர எடுத்துப் பாக்குறாங்க, ஸ்கேன் பண்ணிப் பாக்குறாங்க. பயோமார்க்கர்னு பேரு. நாம ஒண்ணும் செய்யாம உடம்பே விட்டுட்டுப் போற அடையாளம். அது கிடைக்கிற வரைக்கும் என் கண்ணு இருக்கு, உங்க கண்ணு இருக்கு."

பிறகு அப்பாவைப் பார்த்து, "வாசனை தெரியுதா உங்களுக்கு? இந்த வியாதில அது முன்னாடியே போயிடுறது உண்டு" என்றார்.

"எண்ணூர் ரோட்ல பொயக்கறவனுக்கு மூக்கு வேல செய்யலன்னா அது வரம் டாக்டரம்மா" என்றார் அப்பா. "அமோனியா ஒரு பக்கம், கருவாடு ஒரு பக்கம். நா எத்தன்னு மோந்து பாக்கறது?"

டாக்டர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. "மூணு நாலு வருசத்துக்கு முன்னாடியே கெட்டுப்போன மீன் கொயம்ப ரெண்டு தபா வாங்கி துன்னாரு டாக்டர். நா பேஜாராயிட்டேன். அவுரு நல்லாகீதுன்றாரு" என்றாள். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

நான் அன்றைக்கே ஒரு நீளமான நோட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரியில் பார்த்த சோதனைகளை வீட்டில் செய்யக்கூடியபடி மாற்றி எழுதினேன். பதினைந்து நொடியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எத்தனை முறை தட்டுகின்றன. சட்டையின் ஐந்து பொத்தான்களைப் போட எத்தனை நொடி. நாற்காலியிலிருந்து எழுந்து தெருக்குழாய் வரை போய்த் திரும்ப எத்தனை நொடி. வேலையிடத்திலிருந்து கேட்டு வாங்கிய ஸ்டாப்வாட்ச், வரைபடத்தாள், மூன்று நிறப் பேனா. நேரம் காலை பத்து மணி. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடிந்து எனக்கு ஓய்வு கிடைப்பது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா குளித்து, தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். கேட்டதும் கையை நீட்டுவார்.

"போன வாரம் எத்தினி?"

"முப்பத்தி ஒண்ணுப்பா."

"இப்ப?"

"முப்பத்தி ரெண்டு."

"பாத்தியா? உங்கம்மாவ ஒர்தபா உக்கார வெச்சி எண்ணு. முப்பது தாண்டமாட்டா."

"நா இன்னா கிரேனா ஓட்றேன்? தோசக்கல்லுதான் ஓட்றேன்" என்பாள் அம்மா உள்ளேயிருந்து.

மாதம் ஒருமுறை நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போவோம். அவரும் அப்பாவை நடக்கவிட்டு, கையை மடக்கிப் பார்ப்பார். நாங்கள் அங்கே போய்ச் சேரும் நேரமும் கிட்டத்தட்ட பத்து மணிதான். நோட்டும் அவர் கண்ணும் ஒன்றுபோலச் சொல்லும். "மாத்திரைய இப்படியே விடலாம்" என்று சொல்லி, நிலைமை மோசமாகவில்லை என்று எழுதித் தருவார். அந்தக் காகிதம் ஆலைக்குப் போகும். அப்பா அடுத்த மாதமும் ஏணி ஏறுவார்.

கை காட்டுகிறவர் வந்தது ஒரு சாயங்காலம். அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். வந்தவர் காத்திவாக்கத்துக்காரர், அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர். பன்னிரண்டு வருடமாக அப்பாவின் கிரேனுக்குக் கீழே நிற்கிறார். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

"அண்ணாத்த இல்லியே?" என்று தெருவைப் பார்த்துக்கொண்டார். "இல்லாதப்பத்தான் வந்தேன். பாப்பா, உன் நோட்ல இன்னா போட்டுக்கீது?"

"நல்லாத்தான் மாமா இருக்கு. எட்டு மாசமா ஒரே மாதிரி."

"ஒரே மாறியா?"

"ஆமா. ஏன்?"

அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, இடது தோளைக் காட்டினார். தோல் உரிந்து, கருத்துப்போன ஒரு பட்டை.

"நா கைய மூடனா நிக்கணும். நிக்கல. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ற வரைக்கும் வந்துகினே கீது. தொங்கன இரும்பு பிளேட்டு இப்டி ஒராசிக்கினு போச்சி. மத்த நாளுகூட சமாளிச்சிக்கலாம். இந்த சனிக்கெழம வந்தா இன்னாவோ ஆவுது அண்ணாத்தக்கு. சனி புட்ச்சிக்கிச்சின்னு நா ஏணில எலுமிச்சம்பயம்கூட கட்டிட்டேன்."

"ஆபீஸ்ல சொல்லலியா மாமா?"

"இன்னான்னு சொல்றது? நா சொல்லி அண்ணாத்த எறங்கிச்சின்னா நாளைக்கு எவன் மூஞ்சில நா முயிக்கறது? அத்தொட்டுத்தான் உன்னாண்ட வந்தேன். நோட்டு சொல்லட்டும். நோட்டுக்கு மூஞ்சி கெடயாது."

எனக்கு முதலில் வந்தது எரிச்சல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொல்வது ஒரு மனிதரின் பயம், என்னிடம் இருப்பது முப்பத்தைந்து வாரத்து அளவு என்று நினைத்தேன். தோளில் இருந்த காயத்தைப் பார்த்துக்கொண்டே அப்படி நினைத்தேன். "அளவுல ஒண்ணும் மாறலியே மாமா" என்று இரண்டாம் முறையும் சொன்னேன்.

"அப்ப எழுத்து ஏன் எறும்பு மாறி ஆயிடுச்சி?" என்றார் அவர்.

"எந்த எழுத்து?"

"லாக் புக்கு. தெனம் காலைல மேல ஏறனதும் எழுதுதே. சூப்பர்வைசரு கண்ணாடி போட்டுக்கினு, அத்தயும் மூக்கு நுனிக்கு தள்ளிக்கினு படிக்கறாரு."

கிரேன் ஓட்டுபவர் வேலையைத் தொடங்கும் முன் பாகங்களைச் சோதித்து ஒரு புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முடிந்துபோன புத்தகங்கள் பழைய பேப்பர் மூட்டையில் கட்டிக் கிடக்கின்றன என்றார். நான் அவற்றைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். மறுநாள் ஓர் அரிசிப் பையில் ஐந்து புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இரண்டு நாளில் திருப்பித் தரும்படி சொல்லிப் போனார். இப்போது ஓடுகிற புத்தகத்தை மட்டும் எடுத்து வர முடியவில்லை. அதற்கு முந்தையது போன வாரம்தான் முடிந்திருந்தது.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. எல்லா நாளும் ஒரே வரி: பிரேக் சரி, ரோப் சரி, ஹூக் சரி, லிமிட் சுவிட்ச் சரி. ஆறு வருடமாக, காலை ஆறரை மணிக்கு, அதே கை, அதே சொற்கள். காலிபரேஷன் அறையில் வேலை பார்க்கிற ஒருத்திக்கு இதைவிட நல்ல பதிவு கிடைக்காது. யாரும் அளப்பார்கள் என்று எண்ணி எழுதப்பட்டதல்ல அது.

எஃகு அளவுகோலை வைத்து, ஒவ்வொரு மாதத்தின் முதல் வாரத்து வரிகளின் நீளத்தை அளந்தேன். பழைய புத்தகத்தில் அந்த வரி பக்கத்தின் வலது ஓரத்தைத் தொட்டது: தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டர். ஆஸ்பத்திரிக்கு முதல்முறை போன மாதம் எழுபத்தொன்று. மாத்திரை ஆரம்பித்ததும் எழுபத்தெட்டுக்கு ஏறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் இறங்கி, கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அறுபத்து மூன்றில் நின்றது. முதல் நடுக்கத்தை அம்மா பார்ப்பதற்கு மூன்று வருடம் முன்பே வரி சுருங்கத் தொடங்கியிருந்தது. கெட்டுப்போன மீன் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்ட காலமும் அதுதான்.

டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. உடம்பே விட்டுவிட்டுப் போகிற அடையாளம். அது பழைய பேப்பர் மூட்டையில் கிடந்தது.

மாதங்களின் முதல் வாரத்தை அளந்ததோடு நான் நின்றிருப்பேன். சனிக்கிழமை என்று மாமா சொன்னதால் கடைசி எட்டு மாதத்தை மட்டும் நாள்வாரியாக அளந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஏறக்குறைய ஒரே நீளம். சனிக்கிழமை வரி மட்டும் பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் குட்டை. ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் அப்படி. அதற்கு முந்தைய வருடங்களில் சனிக்கிழமைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. நோய்க்கு நாள், கிழமை தெரியாது. எனவே அது நோயாக இருக்க முடியாது.

அம்மாவிடம் கேட்டேன். "சனிக்கெழம அப்பா மாத்திரை சாப்பிடுறாரா?"

அம்மா பருப்பைக் கழுவுவதை நிறுத்தவில்லை. "காலைல ஒண்ணு எட்த்து வெச்சிக்குவாரு."

"எதுக்கு?"

"ஞாத்திக்கெழமைக்கு. அன்னிக்கி ஒம்போது மணிக்கு ரெண்டா போட்டுக்குவாரு."

"ஞாயித்துக்கெழம இன்னாம்மா?"

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "உன் டெஸ்ட்டுதான். வேற இன்னா?"

அப்பா வந்ததும் புத்தகங்களை அவர் முன்னால் வைத்தேன். எங்கிருந்து வந்தன என்று அவர் கேட்கவில்லை. சனிக்கிழமை வரிகளின் பக்கத்தில் நான் பென்சிலால் போட்டிருந்த எண்களைப் பார்த்தார்.

"ஏன்ப்பா இப்படி செஞ்ச?"

"இன்னா செஞ்சிட்டேன்? டெஸ்ட்டுன்னு சொன்ன. டெஸ்ட்டுன்னா பாஸ் பண்ணணும்ல?"

"நான் பாஸ், ஃபெயில் போடலியேப்பா. உன் உடம்பு எப்டி இருக்குன்னு பாக்கத்தானே அளந்தேன்?"

"எல்லாரும் அப்டித்தான் சொல்வாங்கோ. கம்பெனி மெடிக்கல்லயும் இத்தத்தான் சொல்றாங்கோ." அவர் குரலில் குற்ற உணர்வு துளியும் இல்லை, ஒரு சின்ன விஷயம் தெரியாத பெண்ணுக்கு விளக்குகிற பொறுமை இருந்தது. "கண்ணு டெஸ்ட்டுக்கு முந்தின நாளு போர்டுல கீற எழுத்து அத்தினியும் எங்க செட்டுல மனப்பாடம். பிரஷர் பாக்க வராங்கன்னா காலைலருந்து பச்சப்பூண்டு. ஒரு மணிநேரம் மல்லாக்க பட்த்துக்கினு கீறது. ஏன், வாரம் முச்சூடும் ரூம்ல வெரல தட்டி தட்டி பழகனேன், உனக்கு தெரியுமா? அன்னிக்கி நீ எப்டி கீறன்றதுதான்மா டெஸ்ட்டு."

"அப்ப சனிக்கெழம?"

"சனிக்கெழம அர ஷிப்ட்டு. ஒரு வேள மாத்திர இல்லன்னா இன்னா ஆயிடும்னு பாத்தேன்."

நான் அப்போது சொன்ன பதில் சரியான நேரத்தில் சொன்னதா என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "போன சனிக்கெழம பிளேட் மாமா தோள்ல ஒரசிட்டுப் போயிருக்குப்பா. தோல் பிஞ்சிருக்கு. நான் பாத்தேன்."

அப்பாவுக்கு அது தெரியாது. கூண்டிலிருந்து பார்த்தால் தொங்குகிற இரும்பு அதன் கீழே இருக்கும் மனிதரைப் பாதி மறைத்துவிடும். கீழே இருந்தவரும் ஒரு வாரமாகச் சொல்லவில்லை.

"அவன் எங்கிட்ட சொல்லல" என்றார். வலது கை மடியில் வேகமாக ஆடத் தொடங்கியது. "டீ குட்ச்சோம், சாப்டோம். சொல்லவேல்ல."

எழுந்து, செருப்பை மாட்ட இரண்டு மூன்று முறை முயன்று, காத்திவாக்கம் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அம்மா பின்னாலேயே போகச் சொன்னாள். நான் போகவில்லை. அது அவர்கள் இருவருக்கும் நடுவில் உள்ள விஷயம் என்று தோன்றியது. சும்மா இருக்க முடியாமல், என் நோட்டின் பின்பக்கத்தில் என் தவறுகளை எழுதினேன்.

எங்கள் மேசையில் ஒரு விதி உண்டு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி. ஒரு மானி வந்தால், அதைத் தொட்டுச் சரிசெய்வதற்கு முன், அது வந்த நிலையில் என்ன காட்டுகிறது என்று எழுத வேண்டும். சரிசெய்த பிறகு அளந்தால் எல்லா மானியும் நல்ல மானிதான். ஆய்வுக்கு வருகிறதென்று தெரிந்து ஆபரேட்டர்கள் முள்ளைத் தட்டிச் சரிசெய்து கொண்டுவந்த மானிகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதே நான், அப்பாவை மாத்திரை வேலை செய்கிற நேரத்தில், எனக்கு வசதியான பத்து மணிக்கு அளந்தேன். நான் அளந்தது மாத்திரையை. அதை நோயின் அளவு என்று எழுதி, எட்டு மாதம் ஒரு மனிதரின் தலைக்கு மேல் இரும்பைத் தொங்கவிட அனுமதி வாங்கிக் கொடுத்தேன். என்னத்துக்காக அளக்கிறேன் என்று அப்பாவிடம் ஒருமுறையும் சொல்லவில்லை. மோசமான எண் வந்தால்தான் மாத்திரையைக் கூட்டுவார்கள், நல்ல எண் வந்தால் கூட்டமாட்டார்கள் என்று சொல்லியிருந்தால் அவர் வேறுமாதிரி யோசித்திருப்பார். என் ஞாயிற்றுக்கிழமைதான் அவருடைய சனிக்கிழமையைக் கெடுத்தது.

இருட்டுவதற்குள் அப்பா திரும்பிவிட்டார்.

"சட்டய கய்ட்டி காட்டுன்னேன். மாட்டேன்னான். நானே கய்ட்டி பாத்தேன்" என்றார் அம்மாவிடம். பிறகு என் பக்கம் திரும்பாமல், "நாளைலருந்து ஏற மாட்டேன். வியாயக்கெழம டாக்டரம்மாகிட்ட போலாம். எல்லாத்தையும் எட்த்துக்கினு வா" என்றார்.

"நோட்டையுமா?"

"நோட்டு, லாக் புக்கு, உன் கோடு, கீடு, அத்தினியும்."

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவர் என்னோடு பேசவில்லை. ஏறமாட்டேன் என்றது அவர் முடிவுதான். ஆனால் அதைச் சொல்ல வைத்தது நான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். முப்பது வருடம் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்து வேலை பார்த்தவர். ஷெட்டில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் வேலை செய்யாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். அவரைத் தரையில் டூல் ரூமில், வருகிறவர்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற இடத்தில் போட்டார்கள். முதல் வாரம் யாரோ, "இன்னா நைனா, வானத்துலருந்து எறங்கி வந்துட்ட?" என்று கேட்டார்களாம். கேட்டவருக்கு அப்பா வேண்டுமென்றே அளவு தப்பான ஸ்பேனரைக் கொடுத்து அனுப்பினார் என்று கை காட்டுகிறவர் வந்து சொல்லிச் சிரித்தார்.

டாக்டர் அந்த வியாழக்கிழமை எங்களைத் திட்டவில்லை. தன்னையே குறை சொல்லிக்கொள்வதுபோல, "நானும் பத்து மணிக்குத்தானே பாத்தேன்" என்றார். மாமாவிடம் கேட்டு இன்னும் சில நாள் வைத்துக்கொண்டிருந்த லாக் புத்தகங்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். எழுத்து சுருங்குவது இந்த நோயில் தெரிந்த விஷயம்தான், ஆனால் ஆறு வருடத்து ஒரே வரியைத் தான் பார்த்ததில்லை என்றார். ஒரு மனிதரின் எழுத்தை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் விதி சொல்லிவிட முடியாது என்றும் சொன்னார். மாத்திரையை மூன்று வேளையிலிருந்து நான்காக்கினார். இனி அளப்பதென்றால் இரவு முழுக்க மாத்திரை இல்லாமல் இருந்து, காலை முதல் மாத்திரைக்கு முன்னால் அளக்கச் சொன்னார்.

வரியின் நீளத்தையே தொடர்ந்து அளக்கலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. டூல் ரூமிலும் ஒரு பதிவேடு உண்டு. ஒருநாள் போய்க் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, பள்ளிக்கூடப் பலகையில் எழுதுவதுபோலப் பெரிய பெரிய எழுத்துகள். அளக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பெரிதாக எழுத ஆரம்பித்துவிட்டார். கவனம் வைத்து எழுதினால் இந்த நோயில் எழுத்து பெரிதாகும் என்று டாக்டர் விளக்கினார். நான் கண்டுபிடித்த அடையாளம், கண்டுபிடித்த மாதமே பயனற்றுப் போனது. ரத்தத்திலோ முதுகுத்தண்டு நீரிலோ ஏன் தேடுகிறார்கள் என்பது எனக்கு அப்போது புரிந்தது. ரத்தத்துக்கு யாரிடமும் பாஸ் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

மனிதர்களுக்கு அந்த அவசியம் இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலை நெடுக உள்ள ஆலைகளில், சோதனை என்ற சொல்லோடு எவரும் வீட்டுக்கு நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை. அளவு எடுக்க வருகிறவன் ஆளைக் குறைக்க வருகிறான் என்பது அவர்கள் அனுபவம். பெற்ற மகள் ஸ்டாப்வாட்சோடு எதிரில் உட்கார்ந்தாலும் உடம்பு நிமிர்ந்துதான் உட்காரும்.

பத்தாவது நாள் அப்பா பேசினார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, போடாமல், "இன்னா, இன்னிக்கி எண்ணலியா?" என்றார். சட்டை போடவில்லை, தலை வாரவில்லை. நான் எண்ணினேன். பதினைந்து நொடியில் இருபத்து மூன்று. அவர் எண்ணைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

"கம்மிதான்" என்றார்.

"கம்மிதான்ப்பா."

"எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு இரண்டரை வருடம் ஆகிறது. இப்போது அப்பா டூல் ரூமில் இருக்கிறார். ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை, சனிக்கிழமையும் ஐந்து. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, மாத்திரைக்கு முன்னால், அளக்கிறேன். இந்த மாதம் பதினைந்து நொடியில் பதினாறு தட்டல். நடக்கிறார், தானே சாப்பிடுகிறார், பொத்தான் போட அம்மா உதவுகிறாள். ரத்தத்தில் பார்த்துச் சொல்லக்கூடிய சோதனை எதுவும் இன்னும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. கிரேனில் வேறொருவர் ஏறுகிறார். கீழே அதே ஆள்தான் கை காட்டுகிறார். அவர் தோள் ஆறிவிட்டது.